பட்டம் விட்ட கதை

நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு நரியோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட. பயிருக்குப் பயிர் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதில் என் தாத்தா படித்திருந்த பாடப்புத்தகம் மொத்தமும் இவ்வளவுதான். அங்குலம் கிடையாது, சென்டிமீட்டர் கிடையாது. ‘எந்த வயசு நரி?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் களத்து மேட்டைச் சுற்றி ஓடியிருக்கிறேன், பின்னால் தார்க்கோலுடன் தாத்தா.

அதே விஷயத்துக்கு நைனாவிடம் இருந்தது ஒரு கயிறு. தேங்காய் நார்க் கயிறு. பத்து அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் அம்மாவின் பழைய ரவிக்கையிலிருந்து கிழித்த சிவப்புத் துணி. நண்டுக்கும் கயிறுக்கும் நடந்த சண்டையில் வளர்ந்தவன் நான். இன்று அதே மண்ணில் ஒண்ணேகால் கிரவுண்டில் இருக்கிறேன். ஜெயித்தது யார் என்று இப்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை.

ஊர் வேப்பம்பட்டு. சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் லோக்கலில் வந்தால் திருநின்றவூருக்கு அடுத்தது, செவ்வாப்பேட்டை ரோடுக்கு முந்தினது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் போட்ட தண்டவாளம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அதனால் எங்களுக்கு மணி பார்க்கக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. எங்கள் கழனி ஏரிக்குக் கீழே, ஒன்றரைக் காணி. ஏக்கர் கணக்கில் இரண்டுக்குக் கொஞ்சம் கம்மி. ரயிலில் போகிறவர்களுக்கு அது ஜன்னலில் கடந்துபோகும் பச்சை. எங்களுக்கு ரயில்தான் கடந்துபோகும்.

தஞ்சாவூர்க்காரர்களுக்குக் குறுவை, தாளடி என்றால் எங்களுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை. சித்திரையில் விட்டு ஆவணிக்குள் அறுப்பது சொர்ணவாரி. ஆடி ஆவணியில் விட்டுத் தைக்கு வீடு வருவது சம்பா. மார்கழி, தையில் தொடங்கிச் சித்திரையில் முடிவது நவரை. இந்த மூன்றுக்கும் பொதுப்பெயர் பட்டம். பட்டம் தவறாமல் விதைப்பதுதான் விவசாயம், மற்றதெல்லாம் வேடிக்கை என்பது தாத்தாவின் கட்சி. வேடிக்கைக் கட்சியின் தலைவர் நைனா.

1977. நான் எட்டாவது படித்தேன். அந்த வருஷம்தான் நைனாவுக்கு வரிசை நடவுப் பைத்தியம் பிடித்தது. பைத்தியம் புதிது, அதற்குக் காரணமான துண்டுப் பிரசுரம் பழசு. 1953 முதல் நாடு முழுக்க ‘ஜப்பான் முறை நெல் சாகுபடி’ என்று சர்க்கார் தண்டோரா போட்டது. அப்போது கைக்கு வந்த காகிதத்தை நைனா இருபத்துச் சொச்சம் வருஷம் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். பத்து அங்குலத்துக்குப் பத்து அங்குலம் வரிசையாக நடு, குத்துக்கு இரண்டு மூன்று நாற்றுக்கு மேல் வைக்காதே, வரிசைக்கு நடுவில் களைக்கருவியை உருட்டு, தொழு உரம் போடு. சொன்னது இவ்வளவுதான். ஆனால் வரைந்த படம் ஒன்று இருந்தது. அதில் ஒரு குடியானவர் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நைனா மயங்கியது அந்தப் படத்தில்தான் என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நெல் ரகம் ஐ.ஆர்.20. இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். எங்களுக்குப் பக்கத்தில் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1942 முதல். அங்கே 1952இல் வந்த ரகம் டி.கே.எம்.6. டி.கே.எம். என்பது திரூர்க்குப்பத்தின் சுருக்கம். அந்த நெல்லுக்குத் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் உண்டு. அதற்காகவே அதைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோய் வேறொரு குட்டை ரகத்தோடு சேர்த்தார்கள். பிறந்தது ஐ.ஆர்.20. அதாவது மணிலாவிலிருந்து வந்த விதை என்று ஊரே வாய் பிளந்து வாங்கிய நெல், எங்கள் ஊர்ப் பெண் வெளிநாட்டில் பெற்ற பிள்ளை. தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, “அப்போ ஏன்டா துட்டு குடுத்து வாங்கினீங்க?” என்றார்.

நாற்று விட்டது ஆடிக் கடைசியில். நெல்லுக்கு எத்தனை மாச வயசோ, நாற்றங்காலில் அத்தனை வாரம் இருக்கலாம் என்பது கணக்கு. ஐ.ஆர்.20க்கு நாலரை மாசம். முப்பது நாளில் பறித்திருக்க வேண்டும். எங்கள் ஜோடியில் ஒரு மாடு நொண்டிவிட்டது. வாடகை டிராக்டர்க்காரர் நாளைக்கு நாளைக்கு என்று இரண்டு வாரம் ஓட்டினார், கழனியை அல்ல. சேடை ஓட்டி, அண்டை வெட்டி, பரம்பு அடித்து முடிக்கப் புரட்டாசி பாதி ஆகிவிட்டது. நாற்றுக்கு ஐம்பது நாள்.

நடவு அன்று கயிற்றின் ஒரு முனை என் கையில். மறு முனை என் வயசுப் பையன் ஒருவன் கையில். அவன் அம்மா நடவுக்கு வந்தவள். நாங்கள் இரண்டு பேரும் வரப்போரமாக நின்று கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். சிவப்புத் துணி இருக்கும் இடத்தில் ஒரு குத்து. பன்னிரண்டு பெண்களும் நட்டு நிமிர்ந்ததும் நைனா விசில் அடிப்பார், நாங்கள் பத்து அங்குலம் பின்வாங்க வேண்டும். விசில் சத்தத்துக்கு முதலில் கொக்கு பறந்தது, அப்புறம் நடவுக்காரர்களுக்குச் சிரிப்பு வந்தது. பாட்டு நின்றுபோனது. கயிற்றுக்கு ஏற்ற தாளத்தில் நடவுப் பாட்டு எதுவும் இல்லை போலிருக்கிறது.

நடவுக்குத் தலைமை வந்த அம்மா ஒரு முடியைப் பிரித்து நாற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அடியில் கணு தட்டியிருந்தது; நகத்தால் கிள்ளினால் நரநரவென்றது. அதை நைனாவிடம் நீட்டினாள்.

“அண்ணா, இது முத்தின நாத்து. கிட்டக் கிட்ட, குத்துக்கு நாலஞ்சு வெச்சுட்றோம். கயிற இன்னொரு வருசத்துக்கு மடிச்சு வெய்யி.”

“பத்து அங்குலம்னா பத்து அங்குலம்” என்றார் நைனா.

“இன்னா, சேத்துல கோலம் போடச் சொல்றியா?”

“கோலம்னே வெச்சுக்கோ.”

தாத்தா வரப்பில் குந்திக்கொண்டு இதையெல்லாம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, வளையிலிருந்து ஒரு நண்டு பிடித்துவரச் சொன்னார். கழனி நண்டு, பழுப்பு ஓடு, ஒரு கொடுக்கு மட்டும் பெரிசு. நட்டு முடித்த பாத்தியில் அதை விடச் சொன்னார். நண்டு ஓடியது. பக்கவாட்டில் ஓடியது. ஒரு நாற்றில்கூட இடிக்காமல், ரயில்வே ஸ்டேஷனில் நடுராத்திரி ஒருத்தன் நடப்பதுபோல, இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு ஓடி எதிர் வரப்பில் வளை தோண்ட ஆரம்பித்தது.

“பார்த்தியா, நண்டோட” என்றார் நைனா, வெற்றியோடு.

“நண்டு குடும்பத்தோட ஓடுதுடா” என்றார் தாத்தா.

தையில் அறுத்தோம். எங்களுக்கு ஏக்கருக்குப் பன்னிரண்டு மூட்டை. பக்கத்துக் கழனியில், கயிறும் விசிலும் இல்லாமல் அதே வாரம் நெருக்கி நட்டவர்களுக்குப் பத்தொன்பது. எங்கள் கழனியில் கடைசி வரை குத்துக்குக் குத்து நடுவில் தண்ணீர் தெரிந்தது. அந்தத் தண்ணீரில் கோரை வளர்ந்தது. களைக்கருவி உருட்ட வேண்டிய நேரத்தில் நைனா டிராக்டர்க்காரரோடு வாடகைச் சண்டையில் இருந்தார்.

என்ன தப்பு நடந்தது என்பது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது. பத்து அங்குலத்துக்குப் பத்து அங்குலம் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 63,000 குத்து. குறுகிய வயசு நெல்லுக்கு வழக்கமாகச் சொல்லும் 15க்கு 10 சென்டிமீட்டரில் நட்டால் 2,70,000. நாலில் ஒரு பங்கு குத்தை வைத்துக்கொண்டு அதே நெல்லை எடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு குத்தும் நாலு மடங்கு தூர் கட்ட வேண்டும். இளம் நாற்று கட்டும். ஏனென்றால் தூர் வெடிப்பது அடிக்கணுவிலிருந்து. அந்தக் கணுவெல்லாம் நாற்றங்காலின் நெரிசலிலேயே வீணாகிவிடாமல் கழனிக்கு வந்துசேர வேண்டும். ஐம்பது நாள் நாற்று தன் வாலிபத்தை நாற்றங்காலிலேயே கழித்துவிட்டு வருகிறது. கழனியில் கால் ஊன்றிய கையோடு கதிர் தள்ளுகிற அவசரம் அதற்கு. இடத்தைக் கொடுத்தோம், அந்த இடத்தை நிரப்புகிற நாளைக் கொடுக்கவில்லை. பழைய சம்பா ரகங்கள் என்றால் இன்னும் மோசம். அவை பகல் குறுகுவதைப் பார்த்துப் பூக்கிறவை. எப்போது நட்டாலும் அவை பூக்கிற நாள் பெரிதாக மாறாது. லேட்டாக நட்டால் வளர்கிற காலம் மட்டும் சுருங்கும்.

அதற்காக நெருக்கி நடுவதே உத்தமம் என்றும் சொல்லிவிட முடியாது. ரொம்ப நெருக்கினால் தண்டு மெலிந்து காற்றடித்தால் சாயும். அடியில் காற்றும் வெளிச்சமும் போகாவிட்டால் புகையான் பூச்சி வந்து பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்துவிடும். அதனால்தான் எட்டடிக்கு ஒரு அடி சந்து விட்டு நடச் சொல்கிறார்கள். மருந்து அடிக்க ஆள் நடக்கவும் அதுதான் வழி. அந்தச் சந்துக்கும் பெயர் பட்டம். ‘பட்டம் விட்டு நடு’ என்பார்கள். காலத்துக்கும் இடத்துக்கும் ஒரே சொல்லை வைத்தவன் எவனோ, கழனியில் நின்றுதான் வைத்திருக்க வேண்டும்.

விவசாயம் எனக்கு விளங்கியது கழனியில் அல்ல, இந்தூரில். 1989இல் வேலை நிமித்தமாக அங்கே மூன்று வருஷம் இருந்தேன். ஊரைச் சுற்றிக் கரிசல் மண், கண்ணுக்கெட்டிய தூரம் சோயா. சோயாபீனுக்கென்றே மத்திய அரசு 1987இல் அங்கே ஓர் ஆராய்ச்சி மையம் வைத்திருந்தது. நான் குடியிருந்த வீட்டுக்காரர் ஊர்ப்புறத்தில் சோயா போடுகிறவர். பருவமழை ஒரு பத்து சென்டிமீட்டராவது பெய்து மண் நனைந்த பிறகு, ஜூன் பின்பாதியிலிருந்து ஜூலை முதல் வாரத்துக்குள் விதைப்பார். மாட்டில் பூட்டிய விதைப்புக் கலப்பையில் வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர். ஒரு வருஷம் மழை ஏமாற்றி ஜூலை நடுவே தாண்டிவிட்டது. மனுஷர் கலப்பையின் கொழுவைக் கழற்றி நெருக்கி மாட்டிக்கொண்டிருந்தார். 30 சென்டிமீட்டர். விதையும் கூட.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஏன் என்று கேட்டேன். சோயாவும் பகல் குறுகுவதைப் பார்த்துப் பூக்கிற ஜாதி என்றார். லேட்டாக விதைத்தால் செடி குட்டையாக நின்றுவிடும், பக்கத்து வரிசையைத் தொடுகிற அளவுக்குக் கிளை விடாது. வரிசைக்கு நடுவில் வெறும் மண் தெரிந்தால் அதில் விழுகிற வெயில் களைக்குத்தான் லாபம். இலையும் இலையும் சீக்கிரம் கைகோத்துத் தரையை மூட வேண்டும். அதற்காகத்தான் நெருக்கல்.

சோயா என்றால் நமக்கு மீல் மேக்கர்; கல்யாண வீட்டுக் குருமாவில் கறிபோல நடிப்பது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுக்கு 30க்கு 5 சென்டிமீட்டர் என்று அதற்கும் கணக்கு சொல்லித்தான் வைத்திருக்கிறது. போடுகிறவர்கள் குறைவு. நான் அந்த இந்தூர்த் தோட்டத்தில் நின்றபோது சோயாவை யோசிக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கைநாட்டு அம்மா உள்ளங்கையில் நாற்றை வைத்துக்கொண்டு சொன்னதும் இதேதான். பட்டம் தப்பினால் நெருக்கி நடு. அவளுக்கு நாங்கள் கொடுத்த கூலியில் ஆலோசனைக்கு என்று தனியாக எதுவும் இல்லை.

திரும்பி வந்தபோது ஊரில் வேறு நடவு தொடங்கியிருந்தது.

முதல் பட்டத்தில் வந்தவர்கள் ஆவடி டேங்க் ஃபேக்டரிக்காரர்களும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களும் வாத்தியார்களும். எண்பதுகளில் வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. நடுவில் வீடு, பின்னால் கிணறு, முன்னால் வேப்பமரம், பக்கத்தில் இரண்டு தென்னை. தேரோட இல்லை என்றாலும் ஒரு மொபெட்டாவது ஓடும். இவர்கள் இளம் நாற்று. தூர் கட்டினார்கள். மாடி எழுந்தது, மகனுக்கு ஒரு போர்ஷன், வாடகைக்கு ஒரு போர்ஷன், தெருப்பக்கம் ஒரு கடை.

அடுத்த பட்டத்தில் அரை கிரவுண்டு. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு 800, 600. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. கிரவுண்டாகப் போட்டால் பதினெட்டு. ரோடு கழித்தால் அதுவும் கம்மி. 600ஆகப் போட்டால் ரோட்டுக்கு நிறைய விட்ட பிறகும் நாற்பதைத் தாண்டும். முத்தின நாற்று, நெருக்கி நடு. ரியல் எஸ்டேட்காரர்கள் யாரும் இந்தூருக்கும் போகவில்லை, திரூருக்கும் போகவில்லை. ஆனாலும் கணக்கு அவர்களுக்கு அப்படியே தெரிந்திருந்தது.

எங்கள் ஒன்றரைக் காணியை நைனா 1996இல் விற்றார். தாத்தா அப்போது இல்லை. விற்றதற்குக் காரணம் கேட்டால் ஆள் கூலி, தண்ணீர், பிள்ளைகள் ஆளுக்கொரு திசை என்று ஊரில் எல்லோரும் சொல்கிற மூன்றையும் சொல்லலாம்; மூன்றும் உண்மைதான். மனை பிரித்த அன்று நானும் போயிருந்தேன். கயிறு வந்தது. நைலான் கயிறு. சுண்ணாம்புத் தூள் கோடு போட்டார்கள். கோட்டுக்குக் கோடு கல் நட்டார்கள். இருபத்துமூணு அடி ரோடு என்றார்கள். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தான். 1977இல் எனக்கு எதிர் வரப்பில் நின்றவன். “இப்போ விசில் கிடையாது” என்றான். அவனுக்கு அன்றைய கூலி நடவுக் கூலியைவிட மூன்று மடங்கு.

ஒண்ணேகால் கிரவுண்டை மட்டும் நைனா எங்களுக்கென்று நிறுத்திக்கொண்டார். பக்கத்து மனை கை மாறிக் கை மாறி இரண்டாக உடைந்தது. எங்கள் பக்கம் நாங்கள் விட்ட இடம் போக, அவர்கள் சுவர் எங்கள் எல்லைக் கல்லை உரசிக்கொண்டு நிற்கிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை. 600 சதுர அடியில் இடம் விடு என்பது, ஐம்பது நாள் நாற்றிடம் தூர் கட்டு என்பதுபோலத்தான்.

பட்டமும் மாறிவிட்டது. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற ஊரில் ஆடியில் யாரும் எதையும் ஊன்றுவதில்லை. ஆடியில் பத்திரப் பதிவு வேண்டாம், வாசக்கால் வைக்க வேண்டாம், குடி போக வேண்டாம். ஆடியில் முளைப்பது தள்ளுபடிப் பேனர் மட்டும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பதிவு அலுவலக வாசலில் நடவு நெரிசல். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது. மறு வருஷம் வரன்முறைத் திட்டம் வந்தது. நட்டு முப்பது வருஷம் கழித்துக் களையெடுப்பு. எது பயிர், எது களை என்று பிரிப்பதற்குள் எல்லாமே பால் பிடித்துவிட்டது.

நடுவில் ஒரு அத்தியாயம் சொல்லியாக வேண்டும், நைனாவுக்காக.

2008 வாக்கில் என் சித்தப்பா மகன், மிச்சமிருந்த தன் கழனியில் ஒற்றை நாற்று நடவு போட்டான். மடகாஸ்கரில் பிரெஞ்சுப் பாதிரியார் ஹென்றி டி லொலானியே எண்பதுகளில் உருவாக்கிய முறை. இங்கே திருந்திய நெல் சாகுபடி என்று அரசே பரப்பியது. (இதில் ஒரு வேடிக்கை: ஒற்றை நாற்று நடவைச் சென்னை மாகாண வேளாண் இலாகா 1910களிலேயே பரப்பப் பார்த்திருக்கிறது. நம் ஊர்ச் சரக்கு ஒன்று கப்பலேறிப் போய்த் திரும்பினால்தான் நமக்கு அதன் மேல் மரியாதை. ஐ.ஆர்.20 கதைதான்.) பதினாலு நாள் நாற்று. குத்துக்கு ஒன்றே ஒன்று. மார்க்கர் இழுத்து, 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர். பத்து நாளுக்கு ஒருமுறை கோனோ வீடர்.

நைனாவுக்கு அப்போது எழுபத்தெட்டு. கைத்தடியோடு வரப்பில் இறங்கினார். மண்டி போட முடியாமல் என்னை மண்டி போடச் சொல்லி ஒரு குத்தை விரித்துத் தூர் எண்ணச் சொன்னார். சேறு விரலிடுக்கில் ஏற, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணினேன். நாற்பத்திரண்டு. இன்னொரு குத்து எண்ணச் சொன்னார். முப்பத்தெட்டு. அப்புறம் இரண்டு குத்துக்கு நடுவில் கைத்தடியை வைத்து அளந்தார். தன் கட்டைவிரல் கணக்கில் பத்து அங்குலம். ஒரு மயிரிழை கூடக் குறைவு இல்லை.

“கயிறு சரிதான்டா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நாளுதான் தப்பு” என்றார்.

அதற்கு மேல் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் இரண்டு நாள் பேசினார். அந்த டிராக்டர்க்காரரை முப்பத்தோரு வருஷம் கழித்துத் திட்டினார்.

2015 டிசம்பர் 1 ராத்திரி. மழை எப்படிப் பெய்தது என்பதை நான் எழுத வேண்டாம். சென்னையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். அது எங்கிருந்தோ வந்த தண்ணீர் இல்லை. ஏரி நிரம்பினால் மதகு வழியாகவும் கலங்கல் வழியாகவும் காலங்காலமாக இறங்கி வருகிற தண்ணீர். கழனி இருந்த இடத்துக்குக் கழனியைத் தேடி வந்திருக்கிறது. கார்த்திகை மாசம், சம்பா பூட்டையில் நிற்கும் நேரம், கழனியில் தண்ணீர் நிற்க வேண்டிய நாள். பட்டம் தப்பாமல் வந்ததில் தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் காலை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொஞ்சம் வடிந்திருந்தது. எங்கள் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கும் ஒண்ணேகால் அடிச் சந்தில் எதுவோ அசைந்தது. பழுப்பு ஓடு. ஒரு கொடுக்கு பெரிசு. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடி, பைப்பைத் தாண்டி, செப்டிக் டேங்க் மூடிமேல் ஏறி ஒரு நிமிஷம் நின்றது. வளை தோண்ட இடம் பார்த்தது. சிமென்ட். அப்படியே தெருப்பக்கம் போய்விட்டது.

வேப்பம்பட்டில் வீட்டுக்கு நண்டோட இடம் விட்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாடி வீட்டைக் கட்டுவதற்கு நெல்லின் இடைவெளி. தாத்தா இருந்திருந்தால் நண்டு இந்த முறை தனியாகத்தான் ஓடியது என்று கவனித்திருப்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் வந்தது. நண்டு வரவில்லை.

சித்தப்பா மகனிடம் இப்போது நாற்பது சென்ட் மட்டும் பாக்கி. போன சம்பாவுக்கு நடவு இயந்திரம் வைத்து நட்டான். தட்டில் வளர்த்த பாய் நாற்று, பதினெட்டு நாள். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர். அது இயந்திரத்தின் அளவு, மாற்ற முடியாது. குத்துக்குக் குத்து எவ்வளவு என்பதை மட்டும் லீவரில் மாற்றலாம். “ஏன் முப்பது?” என்று கேட்டேன். “மிஷின்ல அப்படித்தான்ண்ணா” என்றான். நண்டு, கயிறு, மார்க்கர், மிஷின். ஒன்றரை மணி நேரத்தில் நட்டு முடித்துவிட்டு இயந்திரம் வேறு ஊருக்குப் போய்விட்டது. இயந்திரம் திரும்புகிற மூலைகளில் விட்டுப்போன இடத்தைக் கையால் நிரப்ப இரண்டு பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி, அந்த நடவுத் தலைமை அம்மாவின் பேத்தி. மூலையில் நாற்றைக் கிட்டக் கிட்ட வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவனையும் தினமும் யாராவது மனைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் மாசி, பங்குனியில் வருகிறார்கள். அப்போது எங்கள் ஊர் அழகாகத்தான் இருக்கும். தரை காய்ந்து, கல் வெள்ளையடித்து, கொடி கட்டி. உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேப்பம்பட்டுப் பக்கம் மனை பார்க்க வருவதாக இருந்தால் கார்த்திகையில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கூட்டம் இருக்காது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள்.